நாக்கைத் தொடாத தேயிலை

பாய்,

இன்று காலை திருவொற்றியூரில் ரயில் ஏறிய ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சட்டைப் பையின் மேல் வட்டமாக ஒரு பேட்ஜ்: எடை குறைக்க வேண்டுமா, என்னைக் கேளுங்கள். அத்தனை பேர் தொங்கிக்கொண்டு வருகிற பெட்டியில் அவன் யாரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம்தான் வந்தான். குண்டாக இருப்பவனுக்கு ரயிலில் தனிமை என்று ஒன்று கிடையாது.

"சார், தப்பா நெனைச்சிக்கப்படாது..."

"நெனைச்சிட்டேன். மேல சொல்லு."

"இது மருந்தே இல்ல சார். வெறும் டீ எல. அதோட சத்த மட்டும் எடுத்து வெச்சிருக்கான். டீ குடிப்பீங்கல்ல? அதேதான்."

நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டிலிலிருந்து ஒரு கேப்ஸ்யூலை எடுத்து, இரண்டாகப் பிரித்து, என் உள்ளங்கையில் கொட்டிவிட்டான். பச்சையுமில்லாமல் பழுப்புமில்லாமல் ஒரு பொடி. மூக்கில் ஏறிய வாசனை இருக்கிறதே, காலையில் நீ ஷட்டரைத் தூக்கியதும் மூட்டைகளிலிருந்து தெருவுக்கு ஓடி வருமே, அதேதான். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நாக்கு சுருண்டு உள்ளே ஓடிவிட்டது. கன்னத்தின் உள்பக்கம் ரெண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. ராயபுரத்தில் இறங்கி, ஆபீஸ் போய், இரண்டு செம்பு தண்ணீர் குடித்தும் வாய் துவர்த்துக்கொண்டே இருந்தது. அந்தத் துவர்ப்போடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு இந்தத் துவர்ப்பு தெரியாமலே போய்விட்டது பாய். டீத்தூள் விற்ற ஆசாமி, உனக்குப் போய்.

உன் கடைக்கு நான் முதலில் வந்தது டீத்தூள் வாங்க இல்லை, உட்கார. ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் அந்தச் சந்தில், என்னைப் போன்றவனை நம்பி வைக்கப்பட்டிருந்த ஒரே பெஞ்சு உன்னுடையது. பகலில் துறைமுகச் சரக்கை எடுத்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கன்டெய்னர்களுக்குக் காகிதம் போடுகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவன் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். நீ என் வயிற்றைப் பார்த்தாய். நான் உன் வயிற்றைப் பார்த்தேன். "வா மாமு, ஒரே ஜாதி" என்று நகர்ந்து இடம் கொடுத்தாய். அதற்குப் பிறகு அந்த பெஞ்சில் மூன்றாவது ஆள் உட்கார்ந்ததே இல்லை. இடம் இருந்தால்தானே.

அந்தச் சந்தில் நடந்த வம்பு ஒன்று விடாமல் நம் பெஞ்சைத் தாண்டித்தான் போகும். யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்த மீன் ஏலக்காரர் தலைக்கு மை அடிக்க ஆரம்பித்திருக்கிறார், எல்லாம். பேசிக்கொண்டே இருப்பாய், புது மூட்டை வந்துவிட்டால் மட்டும் வாயை மூடுவாய். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கின் நடுவில் வைத்து, கண்ணை மூடி, மேலண்ணத்தில் ஒட்டிப் பார்ப்பாய். அந்த நேரத்தில் உன் மூஞ்சி தொழுகையில் இருக்கிறவன் மூஞ்சி மாதிரி இருக்கும். பிறகு பக்கத்திலிருந்த வாளியில் துப்பிவிட்டுச் சொல்வாய்: "நாக்கப் புடிக்கணும் மாமு. புடிச்சி உடணும். உடாம புடிச்சிகினே இருந்தா சரக்கு சரியில்லனு அர்த்தம்." ஒரு பொய்யான மூட்டை உன் நாக்கைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

உன் சம்சாரம் நசீமா அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்த வாரம், நீ துப்ப மறந்து அப்படியே விழுங்கியதைப் பார்த்தேன்.

டயாலிசிஸ் தொடங்கியது. கையில் ஊசி குத்த ஒரு ரத்தக் குழாயை வெட்டி இன்னொன்றோடு சேர்த்து வைத்தார்கள். அது ஒரு தடவை அடைத்துக்கொண்டதும், கழுத்தில் குழாய் போட்டார்கள். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதெல்லாம் யாரோ பிழிந்து போட்ட துணி மாதிரி வந்தாள். புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுக்கலாம், சட்டத்தில் சிக்கல் இல்லை என்று டாக்டர் சொன்னதும், நீ அன்றைக்கே உன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தாய். பொருந்தியது. பொருந்தியது என்று நீ சந்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாய். டீக்கடை முதலாளிக்கே உன்னால் அன்றைக்குத்தான் வியாபாரம்.

அடுத்த வாரம் டாக்டர் உன்னை எடை பார்க்கும் மிஷினில் நிறுத்தினார். சர்க்கரையும் எல்லைக்கோட்டில் வந்து நின்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த உடம்போடு ஒரு கிட்னியை எடுத்தால் மிச்சமிருக்கும் ஒன்று உங்களைத் தாங்காது, எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

"சோத்த கொறைக்கறது ஒரு விசயமா மாமு?" என்றாய்.

அது ஒரு விஷயம்தான் என்று தெரிய நமக்கு ஒரு மழைக்காலம் ஆனது. காசிமேடு வரை நடந்தாய். திரும்பி வரும்போது பசித்தது. பரோட்டாவை விட்டாய். கனவில் பரோட்டா வந்தது. முதலில் கொஞ்சம் இறங்கிய எடை, பிறகு சண்டித்தனம் செய்கிற மாடு மாதிரி நடுரோட்டில் படுத்துக்கொண்டது. நீ அதை இழுக்கிறாய், சந்து முழுவதும் அதைத் தள்ளுகிறது, அது அசையவில்லை. அந்தப் பக்கம் அக்காவின் முகம் வாரத்துக்கு வாரம் வீங்கியது.

அப்புறம்தான் நீ பாலிபீனால் என்ற வார்த்தையோடு கடைக்கு வந்தாய்.

யாரோ தூரத்துச் சொந்தம், போனில் ஒரு வீடியோ காட்டி, இரண்டு பாட்டில் கேப்ஸ்யூலும் விற்றுவிட்டுப் போயிருந்தான். நீ அதை எனக்கு விளக்கிய விளக்கத்தை நான் அப்படியே பத்திரிகையில் போட நினைத்தேன், நல்லவேளை போடவில்லை.

"மாமு, நம்ம கொழுப்பு கீதே, அது சும்மா இல்ல. மூளைக்கு சேதி அனுப்புது. லெப்டின்னு பேரு. 'போதும்பா, கையக் கழுவு'ன்னு."

"எனக்கு அப்படி ஒரு சேதியும் வந்ததில்லையே பாய்."

"வருது. நம்ம ஸ்டேஷன் மைக்குல பொம்பள பேசிக்கினே கீதா இல்லியா? யாராவது காதுல வாங்கறானா? அதான். கொழுப்பு ஏற ஏற சேதி ஓயாம வருது. ஓயாம வர்றத மூளை கேக்காது. இன்சுலினும் அப்டிதான், கதவத் தட்டுது தட்டுது, உள்ள கீறவன் தெறக்க மாட்டேன்றான். இந்த பாலிபீனால் இன்னா பண்ணுது, மூளையோட காதத் தொறக்குது."

"எங்கிருந்து எடுக்கறான் இதை?"

நீ மூட்டைகளைக் காட்டிச் சிரித்தாய். இப்போதும் எனக்கு அந்தச் சிரிப்பு தெரிகிறது. "நம்ம சரக்குதான் மாமு! டீ! எங்க வாப்பா காலத்துலேந்து வித்துகினு கீறோம், இத்த இம்மாங் காலமும் தண்ணியில போட்டுக் குடிச்சிட்டு சக்கையத் தூக்கிப் போட்டோம் பாரு."

நீ சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் பாய் கொடுமை. முழுப் பொய்யாக இருந்தால் உன் நாக்கு கண்டுபிடித்திருக்கும். டீயில், நாவல் பழத்தில், வெங்காயத்தில், மஞ்சளில், திராட்சைத் தோலில் எல்லாம் அந்தச் சங்கதி இருக்கிறது. பூச்சி கடிக்காமலிருக்கச் செடி தனக்காகச் செய்துகொள்ளும் துவர்ப்பு அது. பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்லின் மேல் ஊற்றினால் இன்சுலினுக்கு அது கதவைத் திறக்கிறதாம். கொழுப்புத் தீனி போட்டு வளர்த்த எலிக்குக் கொடுத்தால் எலி கொஞ்சம் கம்மியாகப் பருக்கிறதாம். மனுஷனிடம் வரும்போதுதான் கதை இழுக்கிறது. விழுங்கியதில் பெரும்பகுதி ரத்தத்துக்கே போகாமல் குடலில் இருக்கும் கிருமிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒருவனுக்குக் கொஞ்சம் இறங்குகிறது, இன்னொருவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. குறையலாம், உதவலாம், இன்னும் பார்க்க வேண்டும் என்றுதான் படித்தவர்கள் எழுதுகிறார்கள். அந்த 'லாம்' எல்லாம் பாட்டிலின் மேல் ஒட்டிய காகிதத்துக்கு வரும்போது உதிர்ந்துவிட்டது. இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், டீயால் எவனும் செத்ததில்லை என்பதுதான். சந்தில் எல்லோருக்கும் அதுதான் தெரியும். என் பெண்டாட்டி செல்வி, "எனுக்கும் ரெண்டு குடு பாய்" என்று கேட்டாள். நீ கொடுக்கவில்லை. "இது நசீமாவோடது" என்றாய்.

ரம்ஜான் வந்தது. வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று அந்தச் சொந்தக்காரன் சொல்லி வைத்திருந்தான். உனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஊரே வெறும் வயிற்றோடு இருக்கிற மாதம். பாங்கு சொன்னதும் எல்லோரும் பேரீச்சம்பழத்தை எடுக்க, நீ தண்ணீரோடு அந்தக் கேப்ஸ்யூலை எடுத்தாய். பகல் பூராவும் காய்ந்து கிடந்த வயிற்றில் முதலில் விழுந்தது அதுதான். பழம் அதற்கப்புறம். கஞ்சியை அரைமணி கழித்துத்தான் தொட்டாய், அதுவும் நாலு ஸ்பூன். மிச்சக் கஞ்சியை எனக்குத் தள்ளிவிட்டு, நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பசிக்கலியா பாய்?"

"சேதி வந்துடுச்சி மாமு. மூளை கேட்டுடுச்சி."

இறங்கியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். பெருநாளுக்குத் தைத்த பேண்ட் பெருநாளன்றே இடுப்பில் நிற்கவில்லை. நீ அதைக் கையால் பிடித்துக்கொண்டு சந்து முழுவதும் நடந்து காட்டினாய். எதிர்வீட்டு ஃபாத்திமா, "இன்னா பாய், ரெண்டாவது கல்யாணமா?" என்றாள். "மொத பொண்டாட்டியவே புதுசா பண்ணப் போறேன்" என்றாய். அக்கா ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சிரித்தாள். அவள் பல்லை அதற்கு முன் நாங்கள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அந்த இறக்கத்தில் எவ்வளவு பாலிபீனால், எவ்வளவு பட்டினி, எவ்வளவு நோய் என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் அசதி. நோன்பு அசதி என்றாய். பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. மூட்டைத் தூசி என்றாய். மேலதிகாரி முகத்தில் பரு வந்தால்கூட மூன்று பத்தி எழுதுகிற எனக்கு, தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் கண்ணின் நிறம் தெரியவில்லை. செல்விதான் பார்த்தாள். நெட்டுக்குப்பத்துப் பெண், மீனை வாங்கும்போது கண்ணைப் பார்த்து வாங்கிப் பழகியவள். "இன்னா பாய், கண்ணு மஞ்சளாக் கீது?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கல்லீரல் டாக்டர் ஒரு சின்னப் பெண். தூக்கமே பார்க்காத கண்கள், ஆனால் கேள்வி கேட்பதில் அவசரமே இல்லை. குடிப்பீர்களா? இல்லை. வலி மாத்திரை? இல்லை. நாட்டு மருந்து, லேகியம், பவுடர், யாராவது கொடுத்த மருந்து?

"மருந்துன்னு ஒண்ணுமே தொட்டதில்லமா" என்றாய்.

நீ பொய் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் பொய்யாகப் படவில்லை. அக்காவிடம் கேட்டார்கள், அவளும் அதையே சொன்னாள். டீ மருந்தா? உப்பு மருந்தா? அரிசி மருந்தா? டீத்தூள் கடைக்காரனிடம் போய் மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டால் அவன் வேறென்ன சொல்வான்? அந்த டாக்டர் சின்னதாக ஒன்று மாற்றி, டீ குடிப்பீர்களா என்று கேட்டிருந்தால்கூட, ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ் என்று சொல்லியிருப்பாய்.

மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. பித்தப்பையில் கல்லா? இல்லை. ஒவ்வொன்றாகத் தேடித் தேடி இல்லை இல்லை என்று வந்துகொண்டிருந்தது. நீ ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் மஞ்சளானாய். அப்போதுகூட நம் பேச்சு நிற்கவில்லை. பக்கத்துக் கட்டில் ஆளைப் பார்க்க இரண்டு சம்சாரங்கள் தனித்தனி நேரத்தில் வருவதை நீதான் எனக்குக் கண்டுபிடித்துச் சொன்னாய்.

ஒரு காலை, இட்லி வருவதற்கு முன்னால், தலையணைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாய். நர்ஸ் பார்த்துவிட்டாள்.

"இன்னாது அது? யார் குடுத்த மாத்திரை?"

"மாத்திரையா? டீமா அது. டீ. இங்க குடுக்கற டீய மனுசன் குடிப்பானா?"

அவள் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு உன் கட்டிலருகே வந்து, சத்தம் போடாமல் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூட எனக்குப் பயம் வந்திருக்காது.

"எவ்வளவு நாளா சாப்பிடறீங்க?"

நீ சொன்னாய். நோன்பு திறக்கும்போது என்பதையும் சொன்னாய்.

உனக்குத் தூக்கம் வந்துவிட்டதால் மிச்சத்தை என்னிடம் வெளியே வைத்துச் சொன்னார். டீயைத் தண்ணீரில் போட்டுக் குடிப்பது வேறு, இது வேறு. கிளாஸ் கிளாஸாகக் குடித்தாலும் ஒருவன் உள்ளே தள்ள முடியாத அளவை ஒரு கேப்ஸ்யூலில் அடைத்துவிடுகிறார்கள். சாப்பிட்ட வயிற்றில் மெதுவாகப் போவது வெறும் வயிற்றில் மொத்தமாக ரத்தத்தில் ஏறிவிடுகிறது. நிறைய பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருடைய கல்லீரல் மட்டும் தாங்குவதில்லை, யாருடையது என்று முன்கூட்டித் தெரிவதில்லை. இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது சார், மற்றதெல்லாம் இல்லை என்று ஆகிவிட்டது, மிச்சம் இதுதான். நிறுத்தினால் பலருக்குத் தானாகச் சரியாகும், பார்ப்போம்.

நான் கீழே போய் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. குடிக்கும்போதுதான் புரிந்தது. கிளாஸில் டீ திக்காக இருந்தால் நாக்கு போதும் என்று சொல்லிவிடும். குடல் சொல்லாது, கல்லீரல் சொல்லாது, நாக்கு சொல்லும். இந்த ராயபுரத்திலேயே சிறந்த நாக்கு உன்னுடையது. அதன் மேல் படாமல், அந்தத் தூள் வழுவழுவென்று ஒரு கூட்டுக்குள் ஒளிந்துகொண்டு தாண்டிப் போயிருக்கிறது. வேறு எவனாவது என்றால் சந்தேகப்பட்டாவது இருப்பான். உனக்கு அது வீட்டுப் பிள்ளை.

நிறுத்தினார்கள். உனக்குச் சரியாகவில்லை. பகலெல்லாம் தூங்கினாய். விழித்தால் என்னைக் கடைக்கு வந்த வாடிக்கையாளன் என்று நினைத்தாய். "அரைக்கிலோவா, காக்கிலோவா?" என்றாய். காக்கிலோ என்றேன். காற்றிலேயே நிறுத்துப் பொட்டலம் கட்டி, காற்றிலேயே நூலைச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்து என்னிடம் நீட்டினாய். வாங்கிக்கொண்டேன். கடைசியாக நீ எனக்குக் கொடுத்தது அது.

உன்னைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்க ஆட்கள் தோள் மாற்ற வரிசையாக நின்றார்கள். உன் பழைய உடம்பை மனதில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துத் தூக்கியவர்கள், தூக்கியபின் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் ஒரு முனையில் தோள் கொடுத்தேன். கிட்னி டாக்டர் கேட்ட எடைக்கு வந்துவிட்டாய் பாய். அதற்கும் கீழே.

பிறகுதான் பெரிய கலாட்டா. அக்கா உனக்காக இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்ட மாட்டேன் என்றாள். டயாலிசிஸுக்கும்தான். உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஆள் அனுப்பிச் சொன்னார், வைத்தியத்துக்குப் போகத் தடையே இல்லை, உயிரைக் காப்பாற்றிக்கொள்வதுதான் கடமை என்று. அக்கா கேட்கவில்லை. முதல் முறை போகவில்லை. அடுத்த முறையும் போகவில்லை. மார்க்கத்தைக் காட்டிச் சாகப் பார்க்கிறாள் என்பது சந்துக்கே தெரிந்தது. வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் வெளியாள், உள்ளே போகக்கூடாது. நடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். நடுவில் திரை. பேச்சு மட்டும் வந்தது.

"அந்த மனுசன் எனுக்காவ செத்தாரு செல்வி. நான் கேக்கவேயில்ல அவர கிட்னி. நான் இருந்தாதானே இதெல்லாம்?"

செல்வி ஆறுதல் சொல்லவில்லை.

"சரி, சாவு" என்றாள். "கடைய இன்னா பண்றது? யாராண்ட உட்டுட்டுப் போற?"

"உன் வூட்டுக்காரராண்ட உடு."

"இவராண்டயா? அய்ய. இவுரு டீயோட நிக்கமாட்டாரு. பொறை, பிஸ்கோத்துனு கடைக்கி முன்னாடி ஒரு ஸ்டாலு போட்டு, அத்தையும் தின்னு தீத்து, அந்தப் பெஞ்ச வேற ஒடைச்சிடுவாரு. பாய் அங்க மேலேந்து கீழ பாத்துட்டு, நான் ஒடம்பக் கொறைச்சிட்டு வந்தேன், இவன் என் கடையிலயே ஏத்திக்கினு கீறான்னு ரெண்டாந்தடவ சாவாரு."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு. அக்கா சிரித்தாள், உன் பெண்டாட்டி அல்லவா. சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. நெஞ்சில் தண்ணீர் கோத்து நின்ற உடம்பு, ஒரு சிரிப்புக்குக்கூட அங்கே காற்றில்லை. கொர்ரென்று ஒரு இழுப்பு. தண்ணீருக்குள் அமுக்கப்பட்டவர் மேலே வர அடித்துக்கொள்கிற சத்தம் அது. செல்வி என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டது அக்கா.

"ஆட்டோ!" என்றாள். "ரைட்டரே, ஆட்டோ!"

சாக வேண்டும் என்று மனசு எவ்வளவு தீர்மானமாக இருந்தாலும், உடம்பு மூச்சைத்தான் கேட்டது பாய். ஹஜ்ரத் சொல்லிக் கேட்கவில்லை, செல்வி சொல்லிக் கேட்கவில்லை. நெஞ்சு சொன்னதும் தானே புர்காவைத் தேடினாள்.

ஆட்டோ மெயின் ரோட்டைத் தொட்டதும் நின்றது. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள், கண்ணுக்கெட்டிய தூரம் கன்டெய்னர் கன்டெய்னராக. அவற்றில் சிலவற்றுக்கு நானே காகிதம் போட்டிருப்பேன். அக்காவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. செல்வி இறங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் டிரெய்லரின் கதவைச் செருப்பால் அடித்தாள். அவள் பேசியதை எந்தப் பத்திரிகையும் போடாது. நெட்டுக்குப்பத்தில் வலையை இழுக்கும்போது பேசுகிற பாஷை. அந்த டிரைவர் எந்த ஊர்க்காரனோ, என்ன புரிந்ததோ, வண்டியை ஓரமாக ஒடித்தான். அடுத்தவன் ஒடித்தான். அவள் முன்னால் நடந்துகொண்டே போக, ஆட்டோ அவள் பின்னால் ஊர்ந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரை அவள் ஏறவே இல்லை.

அக்கா பிழைத்தாள். அதற்குப் பிறகு டயாலிசிஸை ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. போய்விட்டு வந்தாள், அவ்வளவுதான். இத்தா முடிந்ததும் கடையைத் திறந்தாள். சரக்கை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புகிறாள். அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு, விழுங்குவதற்கு இடமில்லை. உடம்பு இளைக்க எது நல்லது அக்கா என்று கேட்டு வரும் பெண்களுக்கு, "டீய டீயா குடிமா" என்று மட்டும் சொல்லிப் பொட்டலம் கட்டுகிறாள்.

ஒன்று உனக்கு மட்டும் சொல்கிறேன். நான் அந்தக் கிட்னி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். சொந்தமில்லை, ஆனாலும் என்னுடையது ஒன்றைக் கொடுக்க வழி உண்டா என்று கேட்டேன். தியாகம் என்று நினைத்துவிடாதே, கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் என் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். சர்க்கரை எனக்கு எல்லைக்கோட்டில் நிற்கவில்லை, அந்தப் பக்கம் போய் வீடு கட்டிக் குடியே இருக்கிறதாம். மூத்திரத்தில் புரதம் போகிறதாம். "இத யாருக்கும் குடுக்க முடியாது சார். இருக்கறத நீங்க பத்திரமா பாத்துக்கங்க" என்றார். இரண்டையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. செல்விக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் களியைப் போட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஜோக்கும் சொல்லாமல் தின்றேன்.

அக்காவின் பெயர் ஆஸ்பத்திரி வரிசையில் இருக்கிறது. யாரோ முகம் தெரியாத ஒருவர் சாக வேண்டும், அவருடைய கிட்னி பொருந்த வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு நாள் அவளோடு டயாலிசிஸுக்கு நானும் போகிறேன். ஊசியைக் கழற்றி, கையைக் கட்டி, அவளை எழுப்பி உட்கார வைத்ததும் குளிரில் நடுங்குவாள். அரை டம்ளர் டீ குடிக்கலாம் என்று அனுமதி. முன்னெல்லாம் நீ போட்டு எடுத்துப் போவாயாம், எனக்கு இப்போதுதான் தெரியும். இப்போது நான் போட்டு, பிளாஸ்கில் ஊற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஒரு வாய் குடித்துவிட்டு, "அவுரு போடற மாதிரி இல்ல" என்பாள். ஒவ்வொரு தடவையும் சொல்வாள். நான் தலையாட்டுவேன். பிறகு அவள் அந்த அரை டம்ளரையும், அடியில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல், மெதுவாகக் குடித்து முடிப்பாள்.